பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் லிக்விட் கூலிங்: தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

லிக்விட் கூலிங் என்றதும் நீர்தான் கணினியைக் குளிர்விக்கிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மையில் நீர் செய்வது சுமைதூக்கும் வேலை மட்டுமே. சிப்பின் மேல் பிறக்கும் வெப்பத்தை ஏற்றிக்கொண்டு போய், ஃபேன் பொருத்திய துடுப்புத் தகடுகளான ரேடியேட்டரில் இறக்கிவிட்டு மறுபடியும் சிப்பிடம் திரும்புகிறது. அந்த வெப்பத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்வது அறையின் காற்றுதான் என்பதால், எவ்வளவு செலவழித்தாலும் குழாயில் ஓடும் நீரின் வெப்பநிலை அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. ரேடியேட்டரின் பரப்பளவு, அதன் ஊடே செல்லும் காற்றின் அளவு, அந்தக் காற்று வரும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே குளிர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. பம்பின் தலையில் ஒளிரும் சிறு திரையும் வண்ண விளக்குகளும் விலையை மட்டுமே தீர்மானிக்கின்றன. ஆகவே முதலில் வாட், அடுத்து கேபினெட், அதற்குப் பிறகே பொருள் என்ற வரிசையில் முடிவெடுப்பது நல்லது.

படி 1: உண்மையில் எத்தனை வாட் என்று கணக்கிடுங்கள்

பிராசசரின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிடிபி எண்ணை (வெளியேற்ற வேண்டிய வெப்பத்துக்குத் தயாரிப்பாளர் தரும் வாட் கணக்கு) நம்பி கூலர் வாங்குவதே பலரும் தடுக்கி விழும் இடம். இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசசரின் அடிப்படை மின்திறன் 125 வாட். ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது இன்டெல்லே குறிப்பிடும் உச்ச அளவு 253 வாட். ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸுக்கு டிடிபி 170 வாட் என்று இருந்தாலும், ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் அமரும் பொருத்துமிடம்) அது 230 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. இவற்றுக்கு நேர்மாறாக, 120 வாட் டிடிபி என்று விற்கப்படும் ரைசன் 7 7800எக்ஸ்3டி, விளையாட்டுகளின்போது பெரும்பாலும் 100 வாட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை எண்கள் இன்னும் நேர்மையானவை, இன்னும் பெரியவை. ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸுக்கு 355 வாட், ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட், ஆர்டிஎக்ஸ் 5090க்கு 575 வாட். இவை முழு கார்டின் மின்திறன் என்பதால், நினைவகமும் மின்னழுத்தப் பகுதியும் (சிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) உமிழும் வெப்பமும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

உங்கள் வேலை எது என்பதையும் இங்கேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண ரெண்டரிங், பெரிய மென்பொருட்களைக் கம்பைல் செய்தல் போன்றவை எல்லாக் கோர்களையும் நெடுநேரம் நூறு சதவீதத்தில் வைத்திருக்கும். விளையாட்டுகள் பிராசசரை அந்த அளவுக்குப் படுத்துவதில்லை; கிராபிக்ஸ் கார்டைத்தான் படுத்துகின்றன.

படி 2: லிக்விட் கூலிங் தேவைதானா என்று கேளுங்கள்

இரட்டைக் கோபுர அமைப்பு கொண்ட நல்ல ஏர் கூலர் ஒன்று சுமார் 200 வாட் வரை பெரிய சிரமமின்றிச் சமாளிக்கும். அதில் பழுதாகக்கூடிய பொருள் ஃபேன் மட்டுமே. அதையும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். உங்கள் பிராசசர் 150 வாட்டுக்குள் நிற்குமானால், லிக்விட் கூலிங்கினால் கிடைக்கும் கூடுதல் வேகம் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். இந்த இடத்தில் 120 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட சிறிய ஏஐஓவைப் (தொழிற்சாலையிலேயே முழுதாக இணைத்து மூடி வரும் லிக்விட் கூலர்) பற்றியும் சொல்லிவிட வேண்டும்: இடம் மிகவும் குறுகிய கேபினெட்டுக்காக அன்றி வேறு எதற்காகவும் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை, பெரும்பாலும் நல்ல ஏர் கூலரே அதை வென்றுவிடும்.

லிக்விட் கூலிங் நியாயமாகிற சூழல்கள் வேறு. 200 வாட்டைத் தாண்டும் பிராசசர் நீண்ட நேரம் உழைக்க வேண்டியிருத்தல், உயரமான ஏர் கூலருக்கு கேபினெட்டில் இடமில்லாதிருத்தல், கூலரின் எடை மதர்போர்டின் மேல் தொங்கக் கூடாது என்று கருதுதல், சத்தத்தைக் குறைக்க விரும்புதல், 350 வாட்டுக்கு மேற்பட்ட கிராபிக்ஸ் கார்டை அடக்க வேண்டியிருத்தல் ஆகியவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள்.

எதிர்பார்ப்பையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ரைசன் 7950எக்ஸ் போன்றவை 95 டிகிரி செல்சியஸ் வரை ஓடும்படியாகவே வடிவமைக்கப்பட்டவை. நல்ல கூலர் கிடைத்தால் அவை வெப்பநிலையைக் குறைத்துக்கொள்வதற்குப் பதிலாக வேகத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் 95ஐ நோக்கிச் செல்லக்கூடும். அங்கே கூலரின் தரத்தை டிகிரியில் பார்க்க முடியாது. நிலையாக நிற்கும் மெகாஹெர்ட்ஸில்தான் பார்க்க முடியும்.

படி 3: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

சந்தையில் இருப்பவை மூன்று வகை. முதலாவது ஏஐஓ: பம்ப், பிளாக் (சிப்பின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்கு மாற்றும் உலோகப் பகுதி), குழாய், ரேடியேட்டர் அனைத்தும் தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்டு, திரவம் நிரப்பி, மூடி வருவது. பிராசசரை மட்டும் குளிர்விக்க நினைப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதுவே போதும். இரண்டாவது, ஏஐஓ பொருத்தியே விற்கப்படும் கிராபிக்ஸ் கார்டு. பொதுவாக 240 அல்லது 360 மி.மீ. ரேடியேட்டரோடு வரும். மூன்றாவது, பம்ப், திரவத் தொட்டி, பிளாக், ரேடியேட்டர், ஃபிட்டிங் (குழாய் இணைப்பான்) என ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கி நாமே கோக்கும் கஸ்டம் லூப்.

கஸ்டம் லூப்புக்கு ஆகும் செலவு ஏஐஓவைப் போலப் பல மடங்கு. அதைவிடப் பெரிய செலவு நேரம். பிராசசருக்காக மட்டும் கஸ்டம் லூப் கட்டுவதில் கிடைக்கும் பலன் அந்தச் செலவுக்கு ஈடாகாது என்பதே என் கருத்து. கிராபிக்ஸ் கார்டையும் அதில் சேர்க்கும்போதுதான் அது பொருள்படத் தொடங்குகிறது. அதற்கான காரணம் படி 6இல் வருகிறது.

படி 4: ரேடியேட்டரின் அளவைத் தேர்ந்தெடுங்கள்

ரேடியேட்டர்கள் ஃபேனின் அளவை வைத்தே பெயர் பெறுகின்றன. 240 என்றால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், 280 என்றால் இரண்டு 140 மி.மீ. ஃபேன், 360, 420 என்றால் அவற்றில் மும்மூன்று. பெயரிலுள்ள எண்ணை மட்டும் பார்த்தால் 280 என்பது 240ஐவிடச் சற்றுப் பெரியது போலத் தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் நிலைமை வேறு: 240க்கு 288 சதுர செ.மீ., 280க்கு 392, 360க்கு 432, 420க்கு 588. அதாவது 280, 240ஐவிட 36 சதவீதம் பெரியது. 360க்கு மிக அருகில் நிற்பது. 360 நுழையாத கேபினெட்டில் 280 நுழையுமானால் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நூறு வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. பகுதி என்பது பழைய வாய்ப்பாடு. ஃபேன்கள் மெதுவாகச் சுழன்று சத்தமின்றி இருக்க வேண்டுமென்றால் அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். சத்தத்தைப் பொறுத்துக்கொள்பவர் குறைத்துக்கொள்ளலாம். 150 வாட் பிராசசருக்கு 240, 200 வாட்டுக்கு 280 அல்லது 360, 250 வாட்டுக்கு 360 அல்லது 420 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. 250 வாட் பிராசசரும் 450 வாட் கார்டும் ஒரே லூப்பில் வருமானால் 700 வாட் ஆகிறது. குறைந்தது இரண்டு 360 ரேடியேட்டர்கள் இல்லாமல் அதை அமைதியாக ஓட்ட முடியாது.

இதைச் சரிபார்க்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. முழுச் சுமையில் அரைமணி நேரம் ஓடிய பிறகு, நீரின் வெப்பநிலையிலிருந்து ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைக் கழியுங்கள். விடை 10 டிகிரியை ஒட்டி இருந்தால் ரேடியேட்டர் தாராளமாக இருக்கிறது. 15 என்றால் போதுமானது. 20ஐத் தாண்டினால் ரேடியேட்டரோ காற்றோட்டமோ போதவில்லை.

தடிமனைப் பற்றி: பெரும்பாலான ஏஐஓ ரேடியேட்டர்கள் 27 மி.மீ. தடிமன் கொண்டவை. 38 மி.மீ. தடிமனுள்ளவையும் உண்டு. தடித்த ரேடியேட்டர் கூடுதல் பலன் தர வேண்டுமானால் அதற்கேற்ற அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் ஃபேன் வேண்டும். காகிதத்தில் காற்றின் அளவு அதிகமாகத் தெரியும் ஃபேனைவிட நிலை அழுத்தம் (தடையை மீறிக் காற்றைத் தள்ளும் திறன்) அதிகமுள்ள ஃபேனே ரேடியேட்டருக்குப் பொருத்தமானது.

படி 5: கேபினெட்டை அளவுநாடா வைத்து அளந்து பாருங்கள்

‘மேற்புறம் 360 ரேடியேட்டர் பொருந்தும்’ என்று கேபினெட்டின் விவரக்குறிப்பில் ஒரு வரி இருக்கும். அது நீளத்தைத்தான் சொல்கிறது, ஆழத்தைச் சொல்வதில்லை. 27 மி.மீ. ரேடியேட்டரோடு 25 மி.மீ. ஃபேனும் சேர்ந்தால் 52 மி.மீ. ஆகிறது. மேல்தகட்டிலிருந்து மதர்போர்டின் மேல்விளிம்பு வரை அவ்வளவு இடைவெளி இல்லாவிட்டால், ஃபேனின் ஓரம் மின்னழுத்தப் பகுதியின் ஹீட்சிங்க்கிலோ உயரமான ரேமிலோ போய் முட்டும். பிராசசரின் 8 பின் மின்கம்பி செருகும் இடமும் அதே மூலையில்தான் இருக்கிறது. ரேடியேட்டரை மாட்டிய பிறகு அங்கே விரல் நுழையாது என்பதால், அந்தக் கம்பியை முதலிலேயே செருகி வைத்துவிடுங்கள்.

நீளத்திலும் ஒரு கவனம் தேவை. 360 ரேடியேட்டரின் உண்மையான நீளம் 360 மி.மீ. அல்ல, இருபுறமும் உள்ள தொட்டிகளோடு சேர்த்துச் சுமார் 397 மி.மீ. முன்புறத்தில் மாட்டுவதானால், கேபினெட் அனுமதிக்கும் கிராபிக்ஸ் கார்டு நீளத்திலிருந்து அந்த 52 மி.மீ.ஐக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மேற்புறமா முன்புறமா என்ற கேள்விக்கு, எந்தச் சிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்பதே விடை. முன்புறத்தில் வைத்தால் ரேடியேட்டருக்கு வெளிக்காற்று நேராகக் கிடைத்துப் பிராசசர் சற்றுக் குளிரும். ஆனால் ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று கிராபிக்ஸ் கார்டின் மேல் வீசும். மேற்புறத்தில் வைத்தால் கார்டின் வெப்பம் ரேடியேட்டர் வழியாக வெளியேறும். பிராசசர் சில டிகிரி கூடும். விளையாட்டுக்கான கணினியில் மேற்புறமே பொருத்தமானது என்பேன்.

எங்கே மாட்டினாலும் பம்ப் முழு அமைப்பின் உச்சியில் இருக்கக் கூடாது. ஏஐஓவுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும். அது மிக உயர்ந்த இடத்தில்தான் சேரும். அந்த இடம் ரேடியேட்டரின் மேல்தொட்டியாக இருந்தால் கவலையில்லை. பம்பாக இருந்தால் சலசலவென்ற சத்தம் கேட்கும். பம்பின் ஆயுளும் குறையும். முன்புறத்தில் மாட்டுபவர்கள், குழாயின் நீளம் அனுமதித்தால், குழாய் இணையும் முனையைக் கீழ்ப்புறமாக வைப்பது பாதுகாப்பானது.

சாக்கெட் பொருத்தம் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. ஏஎம்4க்கான பல மவுண்ட்டுகள் ஏஎம்5க்கும் பொருந்தும். எல்ஜிஏ 1700க்கானவை எல்ஜிஏ 1851க்கும் பொருந்தும். ஏஎம்டியின் பெரிய பிராசசர் வரிசையான த்ரெட்ரிப்பர் மட்டும் விதிவிலக்கு. அதன் மேல்மூடி மிகப் பெரியது என்பதால், அதை முழுமையாக மூடும் பிளாக்கையே தேட வேண்டும்.

படி 6: கிராபிக்ஸ் கார்டைத் தனியாக யோசியுங்கள்

நீர் தன் முழு வலிமையைக் காட்டும் இடம் கிராபிக்ஸ் கார்டுதான். 7950எக்ஸின் கோர்கள் இருப்பது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சதுர மி.மீ. மட்டுமே பரப்புள்ள இரண்டு சிறு சிப்களில். அவற்றின் மேல் தடித்த உலோக மூடியும் இருக்கிறது. அந்தச் சிறு பரப்பிலிருந்து மூடியைக் கடந்து வெப்பம் வெளியே வருவதே அங்கே முட்டுக்கட்டை என்பதால், ரேடியேட்டரை 360இலிருந்து 420 ஆக்கினாலும் ஓரிரு டிகிரிக்கு மேல் குறைவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4090இன் சிப்போ சுமார் 609 சதுர மி.மீ. பரப்புள்ளது, மூடியும் கிடையாது, பிளாக்கின் செம்புத் தகடு நேராக அதன் மேலேயே அமர்கிறது. அதனால் காற்றில் 65, 70 டிகிரியில் ஓடிய கார்டு, தாராளமான ரேடியேட்டரோடு நீரில் 50 டிகிரியை ஒட்டி ஓடுவது சாதாரணமாகக் காணக்கூடியது. மூன்று ஃபேன்களின் இரைச்சலும் அதோடு போய்விடுகிறது.

ஆனால் இங்கே வாங்குபவரைக் காத்திருக்கும் சிக்கல்களும் அதிகம். வாட்டர் பிளாக் என்பது கார்டின் பெயருக்குப் பொருந்துவதில்லை. அதன் சர்க்யூட் போர்டின் வடிவத்துக்கே பொருந்துகிறது. ஒரே பெயருள்ள கார்டை ஐந்து நிறுவனங்கள் ஐந்து விதமான போர்டில் செய்யலாம். ஒரே நிறுவனமே இடையில் போர்டின் வடிவத்தை மாற்றியும் விடலாம். பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் உங்கள் கார்டின் முழு மாடல் எண்ணைத் தேடிக் கண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

அடுத்தது, பிளாக் சிப்பை மட்டும் மூடுகிறதா, கார்டு முழுவதையும் மூடுகிறதா என்பது. நினைவகமும் மின்னழுத்தப் பகுதியும் கணிசமாகச் சூடாகும் கார்டுகளில் முழு மூடல் பிளாக்தான் பாதுகாப்பானது. அதனோடு வரும் தெர்மல் பேடுகளின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். ஒரு மி.மீ. வர வேண்டிய இடத்தில் ஒன்றரை மி.மீ. பேடை ஒட்டினால் அது தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். சிப்பின் மேல் தகடு சரியாக அமராது. நினைவகம் குளிர்ந்து சிப் கொதிக்கும். கையேட்டிலுள்ள படத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேடாக ஒட்டுவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

கார்டின் மூல கூலரைக் கழற்றினால் உத்தரவாதம் போகுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். கழற்றுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு, தொழிற்சாலையிலேயே ஏஐஓ பொருத்தி வரும் கார்டு நல்ல நடுவழி; ஆனால் கேபினெட்டில் இரண்டாவது ரேடியேட்டருக்கு இடம் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

படி 7: கஸ்டம் லூப்பின் உலோகமும் திரவமும்

முதல் விதி, செம்பையும் அலுமினியத்தையும் ஒரே லூப்பில் சேர்க்காதீர்கள். இரண்டு உலோகங்களும் ஒரே திரவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் மெல்ல மெல்லக் கரையும். ஏஐஓக்களில் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்தே இருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். அவை மூடிய அமைப்புகள். அரிப்புத் தடுப்பான் அளந்து கலக்கப்பட்டவை. அப்படியிருந்தும் அவற்றின் ஆயுளுக்கு ஓர் எல்லை உண்டு. நாமே கட்டும் லூப்பில் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே முறை. விலை குறைந்த ரேடியேட்டர் கண்ணில் பட்டால் அது எந்த உலோகம் என்பதை முதலில் பாருங்கள்.

திரவத்துக்குக் குழாய்நீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்புகள் படிந்து பிளாக்கின் நுண்ணிய கால்வாய்களை அடைத்துவிடும். அரிப்புத் தடுப்பானும் பாசி தடுப்பானும் கலந்து விற்கப்படும் நிறமற்ற கூலன்ட் சிறந்தது. பால் போன்ற அடர்ந்த நிறக் கூலன்ட்டுகள் படத்துக்கு அழகாக இருக்கும். அவற்றின் நிறமித் துகள்கள் நாளடைவில் பிரிந்து படிவதால் தினமும் உழைக்கும் கணினிக்கு ஒத்துவராது. ‘மின்சாரம் கடத்தாத திரவம்’ என்ற விளம்பரத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். உலோகத்தையும் தூசியையும் தொட்டபடி சுற்றிவரும் திரவம் நாளாக நாளாகக் கடத்தும் தன்மையைப் பெற்றுவிடுகிறது.

குழாய்களில் ஈபிடிஎம் ரப்பர் வளைப்பதற்கு எளிது, நிறம் மாறாது, முதல் முறை கட்டுபவருக்கு அதுவே ஏற்றது. கடினக் குழாய் விரும்பினால் பிஇடிஜி, அக்ரிலிக் என இரண்டு உண்டு. பிஇடிஜி வளைக்க எளிது. ஆனால் நீர் 60 டிகிரியை எட்டினால் இளகி, ஃபிட்டிங்கிலிருந்து நழுவும் அபாயம் உண்டு. அக்ரிலிக் அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஃபிட்டிங்குகளின் மரை ஜி1/4 என்ற ஒரே தரத்தில் வருவதால் பிராண்டுகளைக் கலந்து வாங்கலாம். குழாயின் உள், வெளி விட்டம் மட்டும் ஃபிட்டிங்கோடு மிகச் சரியாக ஒத்துப்போக வேண்டும்.

எந்தப் பாகத்துக்குப் பிறகு எந்தப் பாகம் வர வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நிமிடத்துக்கு 3.5 லிட்டர் ஓடும் நீரில் 700 வாட் வெப்பத்தை ஏற்றினாலும் அது சுமார் 3 டிகிரிதான் சூடாகும். ஆகவே லூப்பின் எந்த இடத்திலும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே. தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும் என்பதும், வடிகால் வால்வு ஒன்று மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதும்தான் கட்டாயம். பம்பில் டி5, டிடிசி இரண்டுமே பல ஆண்டுகளாக நின்று நிலைத்தவை. சத்தம் குறைவு என்பதால் டி5 என் தேர்வு.

படி 8: மின்சாரம் கொடுப்பதற்கு முன் சோதியுங்கள்

கஸ்டம் லூப்பில் திரவம் ஊற்றுவதற்கு முன், கசிவுச் சோதனைக்கான கைப்பம்பால் சுமார் 0.5 பார் காற்றழுத்தம் ஏற்றி 15 முதல் 30 நிமிடம் விட்டுவைக்கலாம். முள் அசையாமல் நின்றால் ஊற்றலாம். பிறகு மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் தராமல், பவர் சப்ளையின் 24 பின் இணைப்பில் ஜம்பர் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை இயக்க உதவும் இணைப்பு) செருகி, பம்பை மட்டும் ஓட்டிக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். டி5, டிடிசி போன்ற பம்புகளுக்கு ஓடும் திரவமே மசகு. தொட்டி வற்றியிருக்கும்போது சில விநாடிகள்கூட ஓட்டாதீர்கள்.

ஏஐஓவில் இந்த வேலைகள் எதுவும் இல்லை. தகட்டின் மேலுள்ள பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டீர்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திருகுகளை ஒரே மூலையில் முழுவதும் முறுக்காமல் குறுக்காக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

ஃபேன் வேகத்தைப் பிராசசரின் வெப்பநிலையோடு கட்டிவைப்பது லிக்விட் கூலிங்கில் பொருத்தமற்றது. ஒரு மென்பொருளைத் திறந்த நொடியில் பிராசசர் 45இலிருந்து 75 டிகிரிக்குத் தாவும். நீரின் வெப்பநிலை அப்போது அசைந்திருக்கவே செய்யாது. ஃபேன்கள் மட்டும் காரணமின்றி ஏறி இறங்கிக் காதைக் குடையும். நீரின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் இருந்தால் ஃபேனை அதோடு இணையுங்கள்; இல்லாவிட்டால் பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்கான தாமதத்தைச் சில விநாடிகள் கூட்டிவையுங்கள். பம்பை மதர்போர்டில் அதற்கென உள்ள இணைப்பில் செருகி, சத்தம் தொந்தரவு செய்யாத அளவில் நிலையான வேகத்தில் விட்டுவிடலாம்.

படி 9: பராமரிப்பையும் உத்தரவாதத்தையும் வாங்கும்போதே பாருங்கள்

நல்ல ஏஐஓக்களுக்கு 5 அல்லது 6 ஆண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. கூலர் கசிந்து மற்ற பாகங்கள் கெட்டால் அவற்றுக்கும் ஈடு உண்டா என்று விதிமுறையில் பாருங்கள். சில நிறுவனங்கள் தருகின்றன, சில தருவதில்லை. ஒரே செயல்திறன் கொண்ட இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கஸ்டம் லூப்பின் கூலன்டை அதன் தயாரிப்பாளர் சொல்லும் கால அளவில், பொதுவாக ஓராண்டுக்கு ஒருமுறை, மாற்ற வேண்டியிருக்கும். ரேடியேட்டரின் துடுப்புகளில் சேரும் தூசியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊதி எடுப்பது இரண்டு வகைக்கும் பொது. அப்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏஐஓவின் குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் மிக மெதுவாக ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை மீண்டும் நிரப்பப் பெரும்பாலான மாடல்களில் வழியில்லை. ஃபேன்கள் முழு வேகத்தில் சுழன்றும் ரேடியேட்டர் சூடாகாமல், பிராசசர் மட்டும் சில விநாடிகளில் உச்ச வெப்பநிலையைத் தொடுகிறது என்றால், பம்ப் நின்றுவிட்டது அல்லது தகட்டின் கால்வாய்கள் அடைத்துக்கொண்டன என்று கொள்ளலாம். ரேடியேட்டரும் குழாய்களும் நன்றாகச் சூடாகி இருந்தால் பழுது காற்றோட்டத்தில் இருக்கிறது. அதற்குப் புதிய கூலர் தேவையில்லை, தூசியைத் தட்டினாலே போதும்.